மறதியில் வாடும் முதியோரும் நோய் நிர்ணயத்துக்காகக் காத்திருக்கும் குடும்பங்களும்

யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் 'அறளை பெயர்தல்' என்றொரு சொல் உண்டு. வயது முதிர்ந்த ஒருவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும்போதும், உண்ட பின்னரும் தமக்கு உணவு தரப்படவில்லை என முறையிடும்போதும், பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்கும்போதும் 'அவருக்கு அறளை பெயர்ந்துவிட்டது' என்று கூறி அயலவர் கடந்து செல்வர். அச்சொல்லில் அனுதாபமும் ஏளனமும் கலந்திருக்கும். நரையும் திரையும் போல இதுவும் முதுமையில் வந்தே தீரும், செய்வதற்கு எதுவுமில்லை என்ற முடிவும் அதில் அடங்கியிருக்கும். அந்த முடிவே பல முதியவர்களின் இறுதிக் காலத்தைத் துன்பமானதாக்கி விடுகின்றது.

வைத்தியத்துறையினர் 'டிமென்ஷியா' எனக் குறிப்பிடும் மறதி நோய் ஒரு தனி நோயன்று. நினைவாற்றல், மொழி, தீர்மானிக்கும் திறன், அன்றாடக் கருமங்களை ஆற்றும் வல்லமை ஆகியன படிப்படியாகக் குன்றிச் செல்லும் பல நோய்களுக்கான பொதுப்பெயர் அது. அவற்றுள் முதன்மையானது ஜேர்மனிய வைத்தியர் அலோய்ஸ் அல்ஸைமர் 1906ஆம் ஆண்டு விபரித்து, பின்னர் அவரது பெயராலேயே வழங்கலான நோயாகும். மறதி நோயாளரில் 60 முதல் 70 சதவீதமானோர் இதற்கு ஆளானோர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. மூளையின் இரத்தக் குழாய்கள் பாதிக்கப்படுவதால் உண்டாகும் மறதி நோய் அதற்கு அடுத்த இடத்தில் உள்ளது. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் மலிந்துள்ள எமது நாட்டில் இது தனிக் கவனத்துக்குரியது.

2021ஆம் ஆண்டில் உலகில் 5 கோடியே 70 இலட்சம் பேர் மறதி நோயுடன் வாழ்ந்ததாகவும் அவர்களில் 60 சதவீதத்துக்கும் அதிகமானோர் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள் எனவும் அந்நிறுவனம் கணித்துள்ளது. இலங்கையில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே 60 வயதைக் கடந்தோர் மொத்த சனத்தொகையில் 12.4 சதவீதமாக இருந்தனர். அதன் பின்னர் இந்த விகிதம் மேலும் உயர்ந்துள்ளது. எனவே இது ஒருசில வீடுகளின் பிரச்சினை அல்ல.

இந்நோய் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் அறிகுறிகளையும் சிகிச்சையையும் விளக்குவர். ஆனால் குடும்பங்களை அதிகம் அலைக்கழிப்பது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலமாகும். ஏதோ பிழை நேர்ந்துவிட்டது என வீட்டார் உணர்கின்றனர். வெளிநோயாளர் பிரிவு வைத்தியர் நிபுணரிடம் செல்லுமாறு கடிதம் தருகின்றார். நரம்பியல் நிபுணரையோ உளநல வைத்திய நிபுணரையோ காண, அதன் பின்னர் இரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கானுக்கும் திகதி பெற, வாரங்களும் மாதங்களும் செல்கின்றன. கிராமத்திலிருந்து நகர வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டியவர்களுக்கு இக்காலம் இன்னும் நீளமானது. நோயின் பெயர் தெரியாததால் வீட்டார் எதையும் செய்யத் துணியாமல் இருக்கின்றனர். ஆயினும் செய்யக்கூடியவற்றில் பெரும்பகுதி நோயின் பெயர் தெரியும் முன்னரே செய்யக்கூடியதுதான்.

முதுமையா, நோயா?

முதுமையில் ஓரளவு மறதி இயல்பானது. மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் மறந்து, பின்னர் தேடிக் கண்டெடுப்பது இயல்பான மறதி. கண்ணாடியை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு, அது கிடைத்த பின்னரும் அங்கு எப்படி வந்தது என அறியாதிருப்பது வேறு. தெரிந்தவர் ஒருவரின் பெயர் உடனே வாயில் வராமல் சற்று நேரத்தின் பின் நினைவுக்கு வருவது பொதுவானது. நாற்பது வருடங்களாக நடந்த கோயில் வீதியிலோ பள்ளிவாசல் வீதியிலோ வழிதெரியாது நிற்பது பொதுவானதன்று. தினமும் வைத்த குழம்பின் சேர்மானம் மறப்பது, காசுக் கணக்குப் பிழைப்பது, சாந்தமாக இருந்தவர் சந்தேகப் பிராணியாக மாறுவது, எதிலும் நாட்டமின்றி ஒதுங்குவது ஆகியனவும் வைத்தியரிடம் கூறப்பட வேண்டிய மாற்றங்களே.

மாற்றம் ஏற்பட்ட வேகமும் முக்கியமானது. மறதி நோய் பொதுவாக மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல முற்றுவது. நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று தடுமாறினால், பகலில் உறங்கி இரவில் பிதற்றினால், இல்லாத உருவங்களைக் கண்டால் அதை மறதி நோயென எண்ணி நிபுணரின் திகதிக்காகக் காத்திருப்பது ஆபத்தானது. சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, உடலில் நீர் வற்றுதல், இரத்தத்தில் சோடியம் அல்லது சீனியின் அளவு குறைதல் போன்றவை முதியவர்களிடம் காய்ச்சல்கூட இன்றி இவ்வாறான திடீர்க் குழப்பமாக வெளிப்படலாம். பக்கவாதமும் இவ்வாறு தொடங்கலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டிய நிலைமை இது. 1990 என்ற இலக்கத்தில் இயங்கும் 'சுவசெரிய' நோயாளர் காவு வண்டிச் சேவையை இதற்கு அழைக்கலாம்.

திருத்தக்கூடிய காரணங்கள்

மறதியுடன் வரும் ஒவ்வொருவருக்கும் அல்ஸைமர் நோய் இருப்பதில்லை. தைரொயிட் சுரப்புக் குறைபாடும் விற்றமின் பி12 குறைபாடும் மறதியை உண்டாக்கக் கூடியவை. மாமிசம் தவிர்ப்போரிடமும், நீரிழிவுக்காக மெட்போர்மின் மாத்திரையை நீண்டகாலம் உட்கொள்வோரிடமும் பி12 குறைபாடு ஏற்பட வாய்ப்புண்டு. இவ்விரண்டையும் இரத்தப் பரிசோதனை மூலம் கண்டறியலாம். நிபுணரைக் காணும் வரை காத்திராமல் வழமையாகப் பார்க்கும் வைத்தியரிடமே இது பற்றிக் கேட்கலாம். குளியலறையில் சறுக்கி விழுந்து தலையில் பட்ட சிறு அடி, வாரங்கள் சென்ற பின்னர் மூளையின் மேற்பரப்பில் இரத்தக் கசிவாக வெளிப்படுவதும் உண்டு. ஆகவே விழுந்த சம்பவம் எவ்வளவு சிறியதாயினும் வைத்தியரிடம் மறைக்கலாகாது.

மருந்துகளும் காரணமாகலாம். சளிக்கும் சொறிக்கும் வீடுகளில் தாராளமாகப் பாவிக்கப்படும் பிரிட்டோன் மாத்திரை, தூக்க மாத்திரைகள், சிறுநீர்க் கட்டுப்பாட்டுக்காகத் தரப்படும் சில மருந்துகள் என்பன முதியோரின் மூளையை மந்தப்படுத்தக் கூடியவை. அரச கிளினிக்கில் ஒரு தொகுதி மருந்து, தனியார் வைத்தியரிடம் இன்னொரு தொகுதி, கடையில் கேட்டு வாங்கியது வேறு, ஆயுர்வேதக் குளிகை வேறு என ஒரே மருந்து இரு பெயர்களில் உட்கொள்ளப்படுவதும் உண்டு. அனைத்தையும் ஒரே பையில் இட்டு வைத்தியரிடம் காட்டுவது பயனுள்ள செயல். எனினும், எந்த மருந்தையும் வீட்டார் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது.

மனச்சோர்வு மறதியின் வேடத்தில் வருவதும் அறியப்பட்டதே. யுத்தத்திலும் 2004ஆம் ஆண்டுச் சுனாமியிலும் உறவுகளைப் பறிகொடுத்த எமது முதியவர்களிடம் இதனைக் கவனியாது விடுவது பெருந்தவறாகும். செவிப்புலன் குறைந்தவரும் கண்ணில் புரை விழுந்தவரும் கேளாததையும் காணாததையும் மறந்தவர்களாகத் தோன்றலாம். காதையும் கண்ணையும் பரிசோதிப்பதற்கு மறதி பற்றிய முடிவு வரும்வரை பொறுத்திருக்க வேண்டியதில்லை.

குடும்பமே சாட்சி

இந்நோயை ஒரேயொரு பரிசோதனையால் உறுதிப்படுத்திவிட முடிவதில்லை. நிபுணர் பெரிதும் நம்பியிருப்பது உடனிருப்பவர் கூறும் வரலாற்றையே. ஆனால் பல நிமிடங்கள்கூட நீடிக்காத சந்திப்பில் வீட்டார் பதற்றத்தில் பாதியை மறந்து விடுகின்றனர். முதியவரோ அன்று பார்த்து மிகத் தெளிவாகப் பேசி, 'எனக்கு ஒன்றுமில்லை, பிள்ளைகள்தான் பயப்படுகிறார்கள்' என்று கூறிவிடுவார். இதற்கு மாற்று ஒரு பள்ளிக் கொப்பியே. முதல் மாற்றம் எப்போது தென்பட்டது, என்ன நடந்தது, எந்த வேளையில் நடந்தது, உறக்கம், உணவு, வீழ்ச்சி, சிறுநீர்க் கட்டுப்பாடு ஆகியவற்றைத் திகதியிட்டுச் சுருக்கமாக எழுதி வர வேண்டும். 'மறதி கூடிவிட்டது' என்பதைவிட, 'கடந்த வாரம் இருமுறை அடுப்பை அணைக்க மறந்தார்' என்ற குறிப்பு வைத்தியருக்கு உதவும். முதியவரின் முன்னிலையில் இக்குறைகளை அடுக்குவது அவரைப் புண்படுத்தும் என்பதால் எழுதிய தாளை வைத்தியரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

மொழி இங்கு மிக முக்கியமானதொரு விடயமாகும். இன்று என்ன திகதி, இது எந்த இடம் எனக் கேட்டும், மூன்று சொற்களைச் சொல்லிச் சற்று நேரத்தின் பின் திருப்பிக் கூறச் செய்தும், கணக்குச் செய்வித்தும், உருவம் வரைவித்தும் நினைவாற்றல் அளவிடப்படுகின்றது. இக்கேள்விகள் தமக்குப் பழக்கமற்ற மொழியில் கேட்கப்பட்டால் நல்ல நினைவுடையவரும் தோல்வியடைவார். மூன்றாம் வகுப்போடு நின்ற ஒரு மூதாட்டி கணக்கில் தவறுவது நோயின் அடையாளமாகாது. 'ஆடி மாதம்' என்றோ 'றபியுல் அவ்வல்' என்றோ சரியாக விடை கூறியவர் காலம் அறியாதவர் அல்லர். முதியவரின் தாய்மொழி, கல்வித்தரம், செய்த தொழில் என்பவற்றை உடன் செல்பவர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மொழிபெயர்ப்பவர் விடையை எடுத்துக் கொடுக்காமல், கேட்டதைக் கேட்டபடியும் சொன்னதைச் சொன்னபடியும் கூற வேண்டும். தமிழும் அரசகரும மொழி என 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் கூறுகின்றது. மறதியைத் தமிழில் பரிசோதிக்குமாறு கேட்பது சலுகை கோருவதாகாது.

வீட்டில் நடந்துகொள்ளும் முறை

'இப்போதுதானே சொன்னேன்', 'நான் யார் என்று சொல்லுங்கள் பார்ப்போம்' என்பவை அன்புள்ள வீடுகளிலும் தினமும் கேட்கும் வார்த்தைகள். முதியவரைச் சோதிப்பதால் நினைவு மீள்வதில்லை. தாம் தோற்றுவிட்டோம் என்ற அவமானம் மாத்திரமே எஞ்சும். நிகழ்ச்சி மறந்த பின்னரும் அது விட்டுச் சென்ற உணர்ச்சி நிலைத்திருக்கும் என்பதைப் பராமரிப்பாளர்கள் அனுபவத்தில் அறிவர். எனவே 'அம்மம்மா, நான் மூத்தவளின்ர மகள் வந்திருக்கிறன்' என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு பேச்சைத் தொடங்குவது சிறந்தது. ஒரு நேரத்தில் ஒரு விடயத்தைச் சிறு வாக்கியத்தில், முகம் பார்த்துக் கூற வேண்டும். 'என்ன சாப்பிடுகிறீர்கள்' என்பதிலும் 'இடியப்பமா, பிட்டா' என்பது விடை கூற இலகுவானது.

பணத்தை அல்லது நகையை எங்கோ ஒளித்து வைத்துவிட்டு, மருமகள் திருடிவிட்டதாகக் கூறுவது இந்நோயில் அடிக்கடி நிகழ்வதாகும். இதனால் உடைந்த குடும்பங்கள் உண்டு. குற்றச்சாட்டை மறுத்து வாதிடுவதோ வந்தவர்களிடம் முறையிடுவதோ பயன் தராது. 'வாங்கோ, இரண்டு பேரும் தேடுவோம்' என்பதே தக்க பதில். குற்றம் சாட்டுவது நோய் என்பதை ஏனைய பிள்ளைகள், குறிப்பாக வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் கேட்போர், விளங்கிக்கொள்ள வேண்டும்.

'வீட்டுக்குப் போக வேண்டும்' என்பது இந்நோயாளர் எங்கும் சொல்லும் வார்த்தை. எமது மண்ணில் அதற்கு வேறொரு கனமுண்டு. பலமுறை இடம்பெயர்ந்த முதியவர் ஒருவர் இல்லாமற் போன வீட்டுக்குச் செல்லக் கிளம்புவார். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழும் ஒரு மூதாட்டி யாழ்ப்பாணத்து வீட்டை, மன்னாரின் முசலியைக் கேட்பார். யுத்தத்தில் மாண்ட அல்லது காணாமலாக்கப்பட்ட மகன் இன்னும் வரவில்லையே எனத் தாய் வாசலில் காத்திருப்பார். 'அவன் செத்துப்போனான்' எனத் திருத்தினால் அம்மரணச் செய்தியை அவர் ஒவ்வொரு முறையும் புதிதாகவே கேட்பார். பொய்யாக ஒரு வருகையை வாக்களிக்கவும் வேண்டியதில்லை. 'அவன் சின்ன வயதில் எப்படியிருந்தான்?', 'அந்த வீட்டு முற்றத்தில் என்ன மரம் நின்றது?' எனக் கேட்டு அவரைப் பேச விடலாம். அவர் தேடும் பாதுகாப்பின் ஒரு பகுதி அந்த உரையாடலில் கிடைக்கும்.

நாளொழுங்கு மாறாதிருப்பது உதவும். எழுதல், குளித்தல், உணவு, உறக்கம் ஆகியன அதே நேரத்தில் நடைபெறட்டும். நெடுங்காலப் பழக்கங்கள் இறுதியிலேயே மறையும். தேவாரமும் திருப்புகழும், குர்ஆன் ஓதலும் தஸ்பீஹும், செபமாலையும் பெயர்கள் மறந்த பின்னரும் நாவில் நிற்பதுண்டு. ரக்அத் எண்ணிக்கை தவறினால் அருகில் ஒருவர் நின்று தொழலாம், கடிந்துகொள்ள வேண்டியதில்லை. நோன்பும் விரதமும் கவனமாக ஆராயப்பட வேண்டியவை. மருந்து குடித்தாரா, சஹர் உணவு உண்டாரா என்பதை நினைவில் வைத்திருக்க முடியாத நீரிழிவு நோயாளி இரத்தச் சீனி குறைந்து மயங்க நேரிடலாம். முதியோருக்கும் நோயாளருக்கும் மார்க்கம் சலுகை வழங்கியுள்ளது. வைத்தியரின் கருத்தை முதலில் பெற்று மௌலவியிடம் எடுத்துக் கூறினால் முதியவரின் மனமும் ஆறும்.

பாதுகாப்பும் சொத்தும்

எரிவாயு அடுப்பின் சிலிண்டரை வேலை முடிந்ததும் மூடுவதும், மருந்தை ஒருவர் பொறுப்பேற்று வழங்குவதும், கட்டில்லாத கிணற்றுக்கு மூடியிடுவதும், குளியலறை வழியில் இரவு விளக்கு எரிய விடுவதும் அதிக செலவற்ற முன்னேற்பாடுகள். சட்டைப் பையில் பெயரும் உறவினரின் தொலைபேசி இலக்கமும் எழுதிய அட்டை இருக்கட்டும். அயலவரிடமும், சந்திக் கடைக்காரரிடமும், முச்சக்கரவண்டிச் சாரதிகளிடமும் நிலைமையை வெளிப்படையாகக் கூறி வைப்பதில் வெட்கம் இல்லை. முதியவர் காணாமற் போனால் இரவு வரை தேடிக் களைக்காது உடனே பொலிஸாருக்கு அறிவிக்க வேண்டும். அண்மைக்காலப் புகைப்படம் ஒன்று தயாராக இருப்பது நல்லது.

பேசத் தயங்கும் இன்னொரு விடயம் சொத்து. வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், காணி உறுதி என்பன தொடர்பில் முதியவர் தமது விருப்பத்தை விளங்கிக் கூறக்கூடிய காலம் வரையறுக்கப்பட்டது. அவர் தெளிவாக இருக்கும்போது, சகல பிள்ளைகளுக்கும் தெரியத்தக்கதாக, சட்டத்தரணி அல்லது நொத்தாரிசின் ஆலோசனையுடன் வேண்டியதைச் செய்வதே முறையானது. விளங்கும் ஆற்றல் அற்றுப்போன பின்னர் எழுதப்படும் உறுதி நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகும். அந்நிலையில் சொத்தை நிர்வகிக்க மாவட்ட நீதிமன்றத்தை நாட வேண்டி வரும். அதேவேளை, மறதி ஆரம்பித்துவிட்டது என்பதற்காக அவரிடம் ஒரு வார்த்தை கேளாமல் யாவற்றையும் பறித்துக்கொள்வதும் அநீதியாகும். இன்று முடிவெடுக்கக் கூடியவற்றை அவரே முடிவெடுக்கட்டும்.

பராமரிப்பவரைப் பராமரித்தல்

எமது குடும்பங்களில் இச்சுமை பெரும்பாலும் ஒரு மகளின் அல்லது மருமகளின் தோளில் விழுகின்றது. உறக்கமின்றி, வேலையை விட்டு, வெளியே செல்ல முடியாது, 'தாயைப் பார்ப்பது கடமைதானே' என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு அவர் வாழ்கின்றார். கனடாவிலும் இலண்டனிலும் மத்திய கிழக்கிலும் உள்ள சகோதரர்கள் பணம் அனுப்புவது உதவியே. ஆயினும் வாரத்தில் இரு நாள் வந்திருக்க ஓர் உதவியாளரை ஒழுங்கு செய்வதும், விடுமுறையில் வரும்போது ஒரு வாரம் முழுப்பொறுப்பை ஏற்பதும், வைத்தியரிடம் செல்லும் நாளைப் பகிர்ந்துகொள்வதும் அதைவிடப் பெரிய உதவி. கோபம் வருவதும் அழுகை வருவதும் பராமரிப்பவரின் அன்புக் குறைவல்ல, களைப்பின் விளைவு.

உதவி கேட்கும் வாயில்களும் சில உள்ளன. கொழும்பில் இயங்கும் லங்கா அல்ஸைமர் மன்றம் நோயாளருக்கும் குடும்பத்தினருக்கும் வழிகாட்டுகின்றது. தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசிச் சேவையில் ஆலோசனை பெறலாம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடலாகாது எனக் கூறுவதுடன் பராமரிப்புக் கோருவதற்கு ஒரு சபையையும் ஏற்படுத்தியுள்ளது. பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் இவை பற்றிக் கேட்டறியலாம்.

ஆயினும் சட்டம் பிள்ளைகளுக்கு விதிக்கும் கடமையின் அளவுக்கு அரசுக்கும் கடமையுண்டு. ஆதார வைத்தியசாலைகளிலேயே ஆரம்பப் பரிசோதனைகளைத் தமிழில் நடத்தக்கூடிய ஆளணியும், நிபுணரின் திகதிக்கு முன்னரே அடிப்படை இரத்தப் பரிசோதனைகளை முடிக்கும் ஏற்பாடும் இருந்தால் காத்திருப்பு பெரிதும் குறையும். கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் தமது மண்டபங்களில் வாரத்துக்கு ஒரு பகல் வேளை முதியவர்களைக் கவனித்துக்கொள்ள முன்வந்தால், அந்த மகளுக்கு மூச்சுவிடச் சில மணித்தியாலங்கள் கிடைக்கும். பெரும் நிதி தேவைப்படாத காரியம் இது.

அல்ஸைமர் நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. சில மருந்துகள் சிலரின் அறிகுறிகளை ஓரளவு காலம் தணிக்கின்றன. வைத்தியர் ஈற்றில் எப்பெயரைக் கூறினாலும், பரிசோதனைத் திகதி வரும்வரை அந்த முதியவர் உண்ணவும் உறங்கவும் அச்சமின்றி இருக்கவும் வேண்டும். அவரை நோயாளியாகப் பதிவு செய்யும் நாள் பின்னர் வரட்டும். அதுவரை அவர் எமது அப்புவாகவும் ஆச்சியாகவும், வாப்பாவாகவும் உம்மாவாகவும் நடத்தப்படுவதை உறுதி செய்வது எமது பொறுப்பாகும்.